தோல்முட்டை வந்தால் முதலில் கிளிஞ்சல்

ஓடு மெலிந்து முட்டை கையிலேயே நசுங்கினால், எங்கள் நாமக்கல் பக்கத்திலும் சிலர் டானிக் வாங்க ஓடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது சுண்ணாம்புச் சத்தைத்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது; எனவே உடைத்த கிளிஞ்சலை மாலையில் தனித் தட்டில் வையுங்கள். மாவாக்க வேண்டாம். குருணையாக இருந்தால்தான் கோழி தீனியை அரைக்கும் உறுப்பான அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரையும். குஞ்சுகளுக்கும் முட்டைக்கு வராத பெட்டைகளுக்கும் இது கூடவே கூடாது, சிறுநீரகம் கெடும்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவைத் தீனியாகப் போடுவது நல்லதுதான். அதைக் காட்டித் தீவனத்தைக் குறைப்பது வெறும் கஞ்சத்தனம்.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் உள்ளே அதிகம் விழாது. தரையில் தேங்காய்நார்க் கழிவைப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். உருண்டை உதிராமல் நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். அம்மோனியா நெடி கோழியின் கண்ணைக் கெடுக்கும். ஐந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, இருட்டு மூலையில். பகலும் விளக்கும் சேர்த்து 16 மணி நேர வெளிச்சம் போதும். சித்திரையில் தண்ணீர்த் தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். தண்ணீர் சூடானால் கோழி குடிப்பதைக் குறைத்துவிடும், தீவனமும் மிஞ்சும்.