அத்தையின் கோழிக்கூடும் ஆறு புதுக் கோழிகளும்

அத்தை தர்மபுரிக்கே திரும்பிப் போனதும் பெங்களூரு கே.ஆர்.புரம் வீட்டுக் கொல்லையில் அவருடைய கோழிக்கூடு ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. ஐந்து மாதத்தில் எந்தப் பூச்சி உயிரோடு இருக்கப்போகிறது என்று, பைப்பில் தண்ணீர் பிடித்து அடித்துவிட்டு ஆறு கிரிராஜா வெடைக்கோழிகளை விட்டேன். ஒரே மாதத்தில் கொண்டை வெளுத்தது. சாயங்காலம் கூட்டுக்குள் போகவே மாட்டேன் என்று அடம். வெள்ளைக் கழிச்சல் நோயோ என்று பயந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போயி, உக்கார்ற கட்டைக்கு அடியில வெள்ளைத்துணி வச்சுத் தேய்ச்சுப் பாரும்மா" என்றார்.

துணி முழுக்க ரத்தக் கீற்று. கோழிச்செல் என்கிற பொடிப் பூச்சி. பகலில் மரச்சந்துக்குள் ஒளிந்துகொண்டு, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். கோழியே இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். இரண்டு கோழி செத்தது. மிச்சத்தைத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன்.

கழற்ற முடிந்ததையெல்லாம் முதலில் கழற்றுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுரண்டுங்கள். கட்டைகள் சேரும் மூலை, ஆணி ஓட்டை, முட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் சோப்புக் கரைசலில் கலக்கிய வேப்பெண்ணெயைச் சந்துகளில் அடியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். செல்லின் முட்டைக்குள் இருந்து தப்பித்தது அதற்குள் பொரித்து வந்திருக்கும். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடைசியாகச் சுண்ணாம்பு. ஒரு பிடி உப்புப் போட்டால் ஒட்டி நிற்கும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது பொங்கித் தெறிக்கும், கண் பத்திரம்.

உட்காரும் கட்டையைப் புதிதாகவே போட்டேன். இரண்டு அங்குல அகலம், விளிம்பு மழுங்க இழைத்தது. அத்தை காலத்து நாட்டுக்கோழி நாலடி உயரத்தில் ஏறிக்கொள்ளும். கிரிராஜா ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய ரகம், உடம்பு கனம். அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தால் கால் போய்விடும். ஒன்றரை அடி போதும்.

அறுகோணக் கண் வைத்த கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், பெருச்சாளியை வெளியே வைக்காது. எஸ்.பி. ரோட்டில் அரை இஞ்ச் கண் வைத்த வெல்டு மெஷ் கம்பிவலை வாங்கி, அடியில் ஓரடி மண்ணுக்குள் இறக்கினேன். கூரை பழைய சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி ஆகாது.

அப்புறம் காற்று. டிசம்பர் குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் இங்கே நிறைய. காலையில் குனிந்து உள்ளே முகம் வையுங்கள்; எச்சத்தின் நெடியில் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. காற்றடிக்கும் பக்கம் மட்டும் சாக்குப் போதும், மேலே திறந்தே இருக்கட்டும். தரையில் மூன்று அங்குலம் உமி.

மூலையில் ஒரு பழைய டப்பில் மணலும் சாம்பலும் வைத்தேன், புரண்டு குளிக்க. சாம்பல் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கியது. கரி முழுக்க அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்.

புதுக் கோழிகள் வந்ததும் நாலு நாள் வெளியே விடவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் அதுகளாகவே உள்ளே போயின. பத்து மணிக்கு வெள்ளைத்துணியோடு போய்க் கட்டைக்கு அடியில் தேய்த்தேன். கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.