புண் பராமரிப்பு ட்ரெயினிங்ல ஆஸ்பத்திரிங்க பண்ற தப்புகள்

பெரிய தப்பு, ஒரே நாள் கிளாஸோட முடிச்சுக்கறது. ஹால்ல உட்கார வச்சு ஸ்லைடு போட்டு சாயங்காலம் சர்டிஃபிகேட் குடுத்துட்டா போதும்னு நினைக்கறாங்க, ஆனா புண்ணப் பார்க்கறது கண்ணும் கையும் சேர்ந்து பழக வேண்டிய வேலைங்க, பெட் பக்கத்துல அனுபவசாலி சிஸ்டர் ஒருத்தர் கூட நின்னு பலதடவை செஞ்சாத்தான் வரும்.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கங்க. முதல் ஸ்டேஜ்னா அமுக்கி எடுத்தாலும் வெளுக்காத சிவப்புன்னு சொல்லிக் குடுப்பாங்க, காட்டற படமெல்லாம் வெள்ளைத் தோல். கருத்த தோல்ல அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாம போகலாம். புறங்கையை வச்சுப் பாருங்க, பக்கத்துத் தோலைவிட சூடா இல்ல ஜில்லுன்னு இருக்கா, கெட்டியா இருக்கா கொழகொழன்னு இருக்கா, தொட்டா வலிக்குதுங்கறாரா. இத கையைப் பிடிச்சுக் காட்டாம விட்டா தோல் பிஞ்ச பிறகுதான் கண்டுபிடிப்போம், அதுக்குள்ள அந்த மனுஷன் எவ்ளோ வலி பட்டிருப்பாரு!

அளவெடுக்கறதும் அப்படித்தான். "புண் பரவால்ல"ன்னு எழுதி வச்சா அடுத்த ஷிஃப்டுக்கு அதுல ஒண்ணும் புரியாது. புண்ண ஒரு கடிகாரம் மாதிரி நினைச்சுக்கிட்டு, தலைப்பக்கம் 12 மணி, கால்பக்கம் 6 மணின்னு வச்சு நீள அகலம், ஸ்டெரைல் ஸ்வாப் (கிருமி நீக்கின பஞ்சுக்குச்சி) விட்டு ஆழம், எல்லாம் சென்டிமீட்டர்ல. வாய் சின்னதா தெரியும், ஓரத்துக்கு அடியில குடைஞ்சு போயிருக்கும், அதனால ஸ்வாப்ப ஓரம் சுத்தி விட்டுப் பார்க்கணும்.

புதுசா சேர்ந்தவங்கள மட்டும் அனுப்பறதும் தப்பு. 1962லயே ஜார்ஜ் வின்டர்ங்கற ஆராய்ச்சியாளர் பன்றித் தோல்ல செஞ்சு பார்த்து ஈரப்பதத்துல புண்ணு மேல தோல் சீக்கிரம் மூடுதுன்னு காட்டிட்டாரு, இன்னும் புண்ணக் காய விடறவங்க இருக்காங்க, பெராக்ஸைடு ஊத்தி நுரை வந்தா சுத்தமாயிடுச்சுன்னு நம்பறவங்களும் இருக்காங்க, அது புதுசா வளர்ற செல்லையும் சேர்த்துக் கெடுக்கும். சீனியர் சிஸ்டருக்கு இது தெரியலன்னா கத்துட்டு வந்த சின்னப் பொண்ணு வார்டுல வாயே திறக்க முடியாது.

டிரெஸ்ஸிங் கம்பெனி ஆளுங்ககிட்ட மொத்த கிளாஸையும் விட்டுடாதீங்க, எந்தப் புண்ணுக்கு எதுங்கறத விட அவங்க பொருள்தான் மனசுல நிக்கும்.

அப்புறம் நைட் ஷிஃப்ட். படுக்கைப்புண் வராம திருப்பிப் படுக்க வைக்கற வேலை ராத்திரியும்தான் நடக்கணும், ஆனா கிளாஸ் வைக்கறது பகல்லயே. அதவிட மோசம், நல்லா கத்துக்கிட்ட நர்ஸ ரெண்டே மாசத்துல புண்ணே வராத வார்டுக்கு மாத்தறது. குறைஞ்சது அடுத்த ஆள் பழகற வரைக்குமாவது அவங்கள அங்கயே வைங்க.