கல்யாணப் பத்திரிகையில் ஸ்கிரிப்ட் ஃபாண்ட் போடுகிறீர்களா?

பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் கொடி போல வளைந்து ஓட வேண்டும் என்று கேட்காத வீடு குறைவு. அதற்கென்றே இருப்பவை ஸ்கிரிப்ட் ஃபாண்ட்கள்: ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், எட்வர்டியன் ஸ்கிரிப்ட், ஸாப்ஃபினோ, அப்புறம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கிரேட் வைப்ஸ், பின்யான் ஸ்கிரிப்ட். எதை எடுத்தாலும் இது பேனா எழுதும் எழுத்து, பேனா செய்யாததை நாமும் அதற்குச் செய்யக் கூடாது.

முதலில் டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையே விடும் இடைவெளியின் அளவை, பூஜ்யத்தில் வையுங்கள். ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை என்பதால் சாய்ந்த எழுத்துகளை ஒட்டவைப்பது பெரும்பாடாக இருந்தது. கட்டைக்குப் பதில் ஒளியால் எழுத்தைப் பதிக்கும் போட்டோ டைப்செட்டிங் வந்ததும்தான், 1966 வாக்கில், மேத்யூ கார்ட்டர் பழைய எழுத்தாசான் சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தை மாதிரியாக வைத்து ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தில் பிசிறில்லாமல் போய்ச் சேரும்படி ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை அமைத்தார். இடத்தை நிரப்ப எழுத்துகளை விலக்கினால் அந்த ஒட்டு பிய்ந்துவிடும், பெரிதாக்குங்கள், விலக்காதீர்கள்.

பெயர் முழுவதையும் கேப்பிட்டலில் போடவே வேண்டாம். அந்தச் சுழிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு யாருக்கும் படிக்க வராது.

இரட்டை எழுத்து வரும் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மீனாவின் ஆங்கில எழுத்தில் இரண்டு ‘ஈ’ அச்சாக ஒரே மாதிரி நின்றால் கையெழுத்து என்ற நம்பிக்கையே போய்விடும். ஹெர்மன் ஸாப்ஃபின் ஸாப்ஃபினோவில் (1998) ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு, அவற்றையெல்லாம் வரிசையாகக் காட்டும் கிளிஃப்ஸ் பேனலைத் திறந்து ஒன்றை மாற்றிப் போடுங்கள். ஆனால் நீண்ட வால் ஒரு பெயருக்கு ஒன்று போதும்.

ஒருமுறை மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்தாக முகவரியையும் ஸ்கிரிப்டிலேயே போட்டேன். திரையில் அவ்வளவு அழகு! அச்சாகி வந்தபோது மெல்லிய கோடுகளை எல்லாம் மை விழுங்கி, தடித்த கீற்றுகள் மட்டும் துண்டு துண்டாக நின்றன. அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் பெயர்களுக்கு மட்டும்தான், தேதி, மண்டபம், முகவரி எல்லாம் அமைதியான நேர் எழுத்தில். தமிழ்ப் பக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்தைச் சாய்ப்பதும் வேண்டாம்.

பிரஸுக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு உருவங்கள்) ஆக்கி, வெல்ட் செய்து ஒரே உருவமாக இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுக்கும்போது ஒட்டுகள் எல்லாம் பல்லிளிக்கும். பிறகு உண்மையான அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, அந்த வீட்டாரைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். பல ஸ்கிரிப்ட்களில் கேப்பிட்டல் ‘ஐ’யும் ‘ஜே’யும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அவர் இந்திராவை ‘ஜிந்திரா’ என்று வாசித்தால் ஃபாண்டை மாற்றுங்கள்.