கண்டர்ஸ்டெக்கில் அவிழ்ந்த முடிச்சு

சுவிட்சர்லாந்தின் கண்டர்ஸ்டெக் பன்னாட்டுச் சாரணர் மையத்துக்குத் தன்னார்வலராகப் போய் இரண்டு வாரம் ஆகியும் என் பேச்சு 'ஹலோ'வைத் தாண்டவில்லை. 1923-இல், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவலின் யோசனையில் பிறந்த இடம். பல நாட்டுச் சாரணர்கள் சேர்ந்து சாப்பிடும்போது நான் மட்டும் தட்டோடு ஓரத்தில்.

எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். நன்றி சொல்லிக் குடித்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் முறுக்கு. டப்பா காலியானது, பேச்சு வளரவில்லை. நாலு ஜெர்மன் வாக்கியம் மனப்பாடம் செய்து பேசிக் காட்டினேன், ஆள் போர்ச்சுகல்காரர்.

ஒரு நாள் ஸ்கார்ஃப் மாட்டும் தோல் வளையம் காணவில்லை. அந்தப் போர்ச்சுகல்காரர் வளையமே இல்லாமல், ஸ்கார்ஃபின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டும் நட்பு முடிச்சு போட்டிருந்தார். சொல்லித்தரக் கேட்டேன். எதிரில் நின்று காட்டியபோது இடம் வலமாகி மூன்று முறை அவிழ்ந்தது. பிறகு என் பக்கத்தில் வந்து, ஒரே திசை பார்த்து நின்று, ஒவ்வொரு மடிப்பாகக் கட்டினார். ஒரு பக்கம் சதுரம், மறுபக்கம் கூட்டல் குறி வந்தால் சரி. வந்தது.

அதுவரை கொடுத்துக்கொண்டே இருந்தேனே தவிர, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கோளாறு அங்கேதான். அன்றிரவு பாத்திரம் கழுவ அவரே வந்து நின்றார். நிம்மதியாகத் தூங்கினேன்.

வளையம் மழைக்கோட்டுப் பையில் கிடைத்தது. இன்னும் மாட்டவில்லை.