ட்வைன் எஸ்பரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930-களின் அமெரிக்க எக்ஸ்பிளாய்டேஷன் படங்களைப் (போதை, பாலுறவு போன்ற பரபரப்பு விஷயங்களைக் காட்டிக் காசு பார்த்த மலிவுப் படங்கள்) பற்றித் தமிழில் எழுதுபவர்களும் வீடியோ போடுபவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் படங்களை இயக்கியும் ஊர் ஊராக ஓட்டியும் வந்த ட்வைன் எஸ்பர் என்று வந்துவிட்டால் புதிதாக வரும் ஒவ்வொருவரும் பழைய பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, வருடக் குளறுபடியை விட்டுவிடலாம். அவற்றை யாரும் திருத்திவிடுவார்கள்.

‘ரீஃபர் மேட்னெஸ்’ படத்தை அவர் தலையில் கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் இது ஓய்வதில்லை. எஸ்பர் 1936-இல் இயக்கியது ‘மரிஹுவானா’. அதே 1936-இல், அதே கஞ்சாவை வைத்து வந்த இன்னொரு படம் ‘டெல் யுவர் சில்ட்ரன்’. அதை இயக்கியவர் பிரான்சிலிருந்து வந்த லூயி கஸ்னியே. அந்தப் படம்தான் பிறகு ‘ரீஃபர் மேட்னெஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்தது. எஸ்பர் அதில் வருவது படம் எடுத்து முடிந்த பிறகு, வாங்கி ஊர் ஊராக ஓட்டியவராக.

குழப்பத்துக்குக் காரணம் தொழில்முறையிலேயே இருக்கிறது. ஏரியா உரிமை வாங்குபவர் பழைய டைட்டிலை வெட்டிவிட்டுப் புதுப் பெயரை ஒட்டுவார். காட்சி சேர்ப்பார், எடுப்பார். ஆகவே டைட்டில் கார்டை மட்டும் நம்பக் கூடாது. முதல் பத்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் பள்ளித் தலைமையாசிரியர் பேசினால் அது கஸ்னியே படம். பர்மா என்ற பெண், பார்ட்டி, கடலில் நிர்வாணக் குளியல், ஒருத்தி மூழ்கிச் சாவது என்று போனால் அது எஸ்பர் படம். 1972-இல் கீத் ஸ்ட்ரூப் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 297 டாலருக்குப் பிரிண்ட் வாங்கி, கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தும் இயக்கத்துக்கு நிதி திரட்டக் கல்லூரிகளில் ஓட்டியதும் கஸ்னியே படத்தைத்தான்.

இதில் தவறினால் மற்ற எல்லாமே சரிந்து விழுகிறது. கஸ்னியேயின் நடிகர்களையும் காட்சியமைப்பையும் வைத்து எஸ்பரின் ‘பாணி’யை விளக்கும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அத்தனை உழைப்பும் வீண்.

‘ஃப்ரீக்ஸ்’ தொடக்கத்தில் ஓடும் எழுத்துகள்

அந்த நீண்ட முன்னுரையைப் படத்தின் இயக்குநர் டாட் பிரௌனிங் எழுதியதாக மேற்கோள் காட்டாதீர்கள். 1932-இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் வெளியிட்ட படத்தை எஸ்பர் 1940-களின் பிற்பகுதியில் எடுத்து, ‘ஃபர்பிடன் லவ்’, ‘நேச்சர்ஸ் மிஸ்டேக்ஸ்’ என்றெல்லாம் பெயர் மாற்றி ஓட்டியபோது சேர்த்தது அது. அவருக்குக் கிடைத்தது ஓட்டும் உரிமை மட்டுமே, காப்புரிமை அல்ல. ‘எஸ்பர் படம், யாரும் எடுக்கலாம்’ என்று காட்சிகளை வெட்டிப் போட்டால் வீடியோவே பறிபோகும்.

‘அரசு தடை செய்தது’ என்று எழுதுவது

படத்தில் எதைக் காட்டலாம், கூடாது என்று சொன்ன ஹாலிவுட்டின் ஹேஸ் விதிகள் சட்டம் அல்ல. 1930-இல் பெரிய ஸ்டுடியோக்களின் சங்கம் தானாகவே ஏற்று, 1934 ஜூலை முதல் கறாராக்கிய ஒப்பந்தம். அனுமதி முத்திரை இல்லாத படத்தை வெளியிடும் சங்க உறுப்பினருக்கு 25,000 டாலர் அபராதம். எஸ்பர் உறுப்பினரே இல்லை. பெரிய கம்பெனிகள் தொட முடியாத போதைப்பொருளும் பால்வினை நோயும் அவர் சந்தைக்கு வந்தது அதனால்தான். சட்டத்தின் கத்தரி நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹையோ போன்ற மாநிலத் தணிக்கைக் குழுக்களிடம் இருந்தது. எந்தக் குழு வெட்டியது என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

மனைவியை விட்டுவிடுவது

ஹில்டகார்டு ஸ்டேடி. எஸ்பர் படங்களின் திரைக்கதை அவருடையது. பெயரைப் போடுங்கள்.

திரையை மட்டும் பார்த்து எடைபோடுவது

‘மேனியாக்’ (1934) படத்தில் கதை நடுவே மனநோய்கள் பற்றிய விளக்க அட்டைகள் வந்து நிற்கும். அதைத் திறமையின்மை என்று கேலி செய்வது சுலபம். ‘இது பாடம்’ என்று தணிக்கைக்காரர்களிடம் காட்டுவதற்கான கேடயம் அது. வியாபாரத்தின் பாதி தியேட்டர் வாசலில் நடந்தது. 1911-இல் ஓக்லஹோமாவில் சுட்டுக் கொல்லப்பட்ட கொள்ளைக்காரன் எல்மர் மெக்கர்டியின் பதப்படுத்தப்பட்ட உடலை, ‘நார்காட்டிக்’ (1933) படத்துக்காகப் போதை அடிமையின் பிணம் என்று சொல்லி முன்கூடத்தில் வைத்தார் எஸ்பர். ஒரு மனித உடலுக்கு நேர்ந்த அவமானம் அது. ‘சுவாரசியத் துணுக்கு’ ஆக்காதீர்கள்.

ஓடும் நேரம்

பிரிண்டைச் சொல்லாமல் நிமிடத்தைச் சொல்லாதீர்கள். தணிக்கை கடுமையான ஊருக்கு வெட்டியது, தளர்ந்த ஊருக்கு முழுசு என்று ஒரே படம் பல நீளத்தில் சுற்றியது.