வாடகை வீட்டில் பூசணமா? முதலில் தண்ணீரைத் தேடுங்கள் (டர்பன்காரர்களுக்கு)

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர், சுவரில் கறுப்புப் புள்ளியைப் பார்த்ததும் ஜிக் (ப்ளீச்) பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஈரம் நிற்காமல் பூசணம் போகாது, துடைத்த இடத்திலேயே மறுபடி வரும். அதோடு வீட்டுக்காரரிடம் காட்ட இருந்த ஒரே சாட்சியையும் நீங்களே அழித்தது போல ஆகிவிடும். தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்த பிறகு துணியைத் தொடுங்கள்.

சீலிங்கிலிருந்து சொட்டுகிறதென்றால் ஆராய்ச்சி அப்புறம். இங்கே நிறைய வீடுகளில் கீசர் சீலிங்குக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். டிபி போர்டில் (வீட்டு மின் இணைப்புகளின் சுவிட்ச் பெட்டி) கீசர் சுவிட்சை அணைத்து, அதற்குப் போகும் தண்ணீர் வால்வை மூடுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் சொட்டினால் மெயினையே அணைத்துவிடுங்கள். போர்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் நின்றால் அதைத் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மாடிக் குடியிருப்பு என்றால் மேல்வீட்டுக் குளியலறையாகவும் இருக்கலாம், கதவைத் தட்டிக் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுகலுக்கு மீட்டர்தான் வழி. எல்லாக் குழாயையும் மூடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. கழிவறைத் தொட்டியில் சந்தேகம் இருந்தால் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றி அப்படியே விடுங்கள், ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் இறங்கினால் வால்வு கெட்டிருக்கிறது.

சுவர் ஈரத்தில்தான் சண்டையே வரும். "நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை" என்பார் வீட்டுக்காரர், "உங்கள் சுவர் ஓதம் காக்கிறது" என்போம் நாம். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு அலுமினிய ஃபாயில் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அது பெரும்பாலும் கட்டட வேலை. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சமையல், குளியல், உள்ளே காயப்போட்ட துணி இவற்றின் ஆவிதான் குளிர்ந்து படிகிறது. பூமியின் தெற்குப் பாதியில் இருக்கும் இந்த நாட்டில் தெற்குப் பார்த்த சுவருக்கு வெயில் குறைவு என்பதை ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் யோசிப்பதில்லை. பட்டுப்புடவை பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு கையளவு இடைவெளி விடுங்கள்.

மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். கையுறை, மாஸ்க், திறந்த ஜன்னல், சோப்புத் தண்ணீர், பிறகு நன்றாகக் காயவிடுவது, அவ்வளவுதான். ஜிக்கை வினிகரோடோ அம்மோனியா உள்ள கிளீனரோடோ கலக்கவே கூடாது, வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் அந்த அறைக்கு வெளியே வையுங்கள். ஊறிப்போன சீலிங் பலகையையும் கார்பெட்டையும் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பூசணத்தின் மேல் பெயிண்ட் அடித்துத் தரும் வீட்டுக்காரரை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, தாள் வேலை. ஃபோனில் சொன்னது சொன்னதாகவே ஆகாது, ஈமெயிலில் படங்களோடு எழுதி, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வாடகை பாக்கிக்காரராக நிற்பீர்கள். பதில் இல்லையென்றால் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் நம் மாகாணத்து அமைப்பான குவாசுலு-நட்டால் ரென்டல் ஹவுசிங் டிரிபியூனலில் கட்டணமில்லாமல் புகார் தரலாம். 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, புகார் கொடுத்த பிறகு தீர்ப்பு வரும்வரை அல்லது மூன்று மாதம்வரை, எது முந்தியோ அதுவரை, வீட்டுக்காரர் உங்களை வெளியேற்ற முடியாது. நீங்களும் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவரும் வீட்டைப் பராமரிக்க வேண்டும்.

குடிபுகும் முன் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுதுவதும் அதே சட்டத்தில் உண்டு, பழைய ஈரக்கறை ஒன்றுவிடாமல் அதில் ஏற வேண்டும். காலி செய்யும்போது, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் அதற்கு வராவிட்டால் வீடு நல்ல நிலையில் இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், டெபாசிட்டை வட்டியோடு முழுதாகத் திருப்பித் தர வேண்டியதுதான்.