அலுவலக ஃப்ரீபிபிஎக்ஸில் சிப் ட்ரங்க் சேர்ப்பது எப்படி?

டெலிகாம் நிறுவனம் ஃபைபரில் கொடுக்கும் சிப் ட்ரங்கை (ஒரே இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டுசெல்லும் ஐ.பி. தொலைபேசி இணைப்பு), அலுவலக எக்ஸ்சேஞ்ச் மென்பொருளான ஃப்ரீபிபிஎக்ஸில் சேர்க்க, திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் பத்துகூடத் தேறாது. அப்படியும் அரை நாள் ஓடிவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: குரல் எந்த ஐ.பி.யிலிருந்து வருகிறது என்று கேட்கவில்லை, அல்லது எண் எந்த வடிவில் வருகிறது என்று பார்க்கவில்லை.

ஆகவே முதல் வேலை ஃபோன் போட்டுக் கேட்பது. சிக்னலிங் ஐ.பி. (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் செய்திகளுக்கு), அதன் போர்ட் (வழக்கமாக 5060, யுடிபி), மீடியா ஐ.பி. (குரலுக்கு), உங்களுக்கு ஒதுக்கிய ஐ.பி.யும் கேட்வேயும், பைலட் எண் (ட்ரங்கின் முதன்மை எண்), டி.ஐ.டி. எண் வரிசை (வெளியிலிருந்து நேரடியாக அழைக்கும் எண்கள்), சேனல் எண்ணிக்கை (ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு), கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை). இத்தனையும் எழுத்தில் வாங்குங்கள். "மீடியாவும் அதே ஐ.பி.தானா?" என்று தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் அது வேறாக இருக்கும். தனி ஃபைபரில் வரும் ட்ரங்குக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு பெரும்பாலும் இருக்காது. உங்கள் ஐ.பி.தான் அடையாளம்.

சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, ஃபைபர் மோடத்தை அதில் செருகுங்கள். அந்தக் கார்டுக்கு டிஃபால்ட் கேட்வே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இன்டர்நெட்டும் அந்தப் பக்கம் போக முயன்று நின்றுவிடும். சிக்னலிங் ஐ.பி.க்கு ஒன்று, மீடியா ஐ.பி.க்கு ஒன்று என்று ஸ்டாட்டிக் ரூட் (இந்த ஐ.பி.க்கு இந்தக் கேட்வே வழியே போ என்ற நிலையான பாதை) போடுங்கள். மீடியாவுக்கான ரூட்டை மறந்தால் மணி அடிக்கும், எடுப்பார்கள், நீங்கள் பேசுவது மட்டும் அவர்களுக்குக் கேட்காது. ஃப்ரீபிபிஎக்ஸ் ஃபயர்வாலில் இரண்டு ஐ.பி.க்களையும் ட்ரஸ்டட் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பலரும் தாண்டிப் போகும் இடம். செட்டிங்ஸ், ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ் போய், லோக்கல் நெட்வொர்க்ஸ் என்ற பகுதியில் ஆபரேட்டரின் சப்நெட்டுகளையும் (ஐ.பி. வரிசைகளையும்) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஆஸ்டரிஸ்க் (ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் அழைப்புகளை இயக்கும் மென்பொருள்) அவர்களை வெளி இன்டர்நெட் என்று நினைத்து, "குரலை இங்கே அனுப்பு" என்று உங்கள் பிராட்பேண்டின் பப்ளிக் ஐ.பி.யை எழுதி அனுப்பும். அவர்களுடைய தனி நெட்வொர்க்கிலிருந்து அந்த முகவரிக்கு வழியே கிடையாது. இந்த மாற்றத்துக்கு அப்ளை கன்ஃபிக் போதாது. ஆஸ்டரிஸ்க்கை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இனி ட்ரங்க். கனெக்டிவிட்டி, ட்ரங்க்ஸ், ஆட் ட்ரங்க், பிஜேசிப் (ஆஸ்டரிஸ்க்கின் சிப் டிரைவர்). அவுட்பவுண்ட் காலர் ஐ.டி.யில் பைலட் எண்ணை ஆபரேட்டர் சொன்ன வடிவில் எழுதி, ஃபோர்ஸ் ட்ரங்க் சி.ஐ.டி. தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 201 என்ற எக்ஸ்டென்ஷன் எண்ணே வெளியே போகலாம், 403 (மறுப்பு) என்று திரும்பி வரும். அழைப்பை மொபைலுக்கு ஃபார்வர்ட் செய்யும்போதும் இதே சிக்கல்தான்: முதலில் அழைத்தவரின் எண் காலர் ஐ.டி.யாகப் போனால் பல ஆபரேட்டர்கள் ஏற்பதில்லை. ஆளுக்கொரு டி.ஐ.டி. எண் காட்ட வேண்டிய அலுவலகங்களில் மட்டும் இந்த ஃபோர்ஸை எடுத்துவிட்டு, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும் எண்ணை எழுதுங்கள்.

பிஜேசிப் தாவலில் ஆதென்டிகேஷன், ரெஜிஸ்ட்ரேஷன் இரண்டுக்கும் "நன்" (எதுவும் இல்லை) என்று தேர்ந்தெடுங்கள். சிப் சர்வரில் சிக்னலிங் ஐ.பி., கான்டெக்ஸ்ட் ஃப்ரம்-பிஎஸ்டிஎன். கோடெக்கில் ஏ-லா மட்டும் டிக் செய்தால் போதும். 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டில் ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட் பிடிக்கும், பத்து சேனலுக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட்கூடத் தேவையில்லை. டி.டி.எம்.எஃப். (அழைப்பின்போது அழுத்தும் பட்டன் ஒலிகள்) ஆர்.எஃப்.சி. 4733. ட்ரங்க் "அன்அவெய்லபிள்" என்று காட்டினால், எதிர்முனை ஆப்ஷன்ஸ் செய்திக்கு ("இருக்கிறாயா" என்று கேட்கும் செய்தி) பதிலே தராத வகையாக இருக்கலாம்; அதை அனுப்பும் இடைவெளியான குவாலிஃபை ஃப்ரீக்வென்சியை 0 ஆக்கிப் பாருங்கள்.

அவுட்பவுண்ட் ரூட்டில் மொபைலுக்கு: 6 முதல் 9 வரை ஏதாவது ஒரு இலக்கம், பிறகு ஒன்பது எக்ஸ் (எக்ஸ் என்றால் ஏதாவது ஒரு இலக்கம்), ப்ரீபெண்ட் (முன்னால் சேர்ப்பது) 0. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்ப்பது 2021 ஜனவரி 15 முதல் கட்டாயம். ஊழியர்கள் பத்து இலக்கத்தையே அடித்துப் பழகியவர்கள், அதனால் அதை மெஷின் சேர்க்கட்டும். காண்டாக்ட்டிலிருந்து அழுத்துபவர்களுக்கு +91 என்ற ப்ரீஃபிக்ஸை நீக்கி 0 சேர்க்கும் இன்னொரு வரி. எஸ்.டி.டி.க்கு 0-வும் பத்து எக்ஸும். சென்னைக்குள் எட்டு இலக்கம். 112, 100, 101, 108 ஆகியவை தனி ரூட்டில், எல்லாவற்றுக்கும் மேலே. எல்லாம் போகட்டும் என்று வெறும் புள்ளி வைத்து பேட்டர்ன் எழுதாதீர்கள். 00-வில் தொடங்கும் ஐ.எஸ்.டி.யும் அதில் போய்விடும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டு திருடு போனால் ஒரே இரவில் பில் எகிறும்.

உள்ளே வரும் அழைப்புக்கு ஊகம் வேண்டாம். ஆஸ்டரிஸ்க் கன்சோலில் பிஜேசிப் லாகரை (சிப் செய்திகளைத் திரையில் காட்டும் வசதி) ஆன் செய்து, மொபைலிலிருந்து ஒருமுறை அழையுங்கள். இன்வைட் என்று தொடங்கும் முதல் வரியில் எண் +91 உடனா, 0 உடனா, கடைசி எட்டு இலக்கமா என்று தெரியும். இன்பவுண்ட் ரூட்டின் டி.ஐ.டி. கட்டத்தில் அதை அப்படியே எழுதுங்கள். ஒரு இலக்கம் பிசகினாலும் "இந்த எண் உபயோகத்தில் இல்லை" வகைப் பதிவுதான் கேட்கும்.

அழைப்பு சரியாக 32 விநாடியில் துண்டிக்கிறதா? அழைப்பு எடுக்கப்பட்டதை உறுதிசெய்யும் ஏ.சி.கே. செய்தி வந்து சேரவில்லை. ரூட்டையும் லோக்கல் நெட்வொர்க்ஸையும் திரும்பப் பாருங்கள். 15 அல்லது 30 நிமிடத்தில் துண்டித்தால் செஷன் டைமர்மீது (அழைப்பு இன்னும் நடக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கும் ஏற்பாடு) சந்தேகப்படலாம். 488 வந்தால் கோடெக் பொருந்தவில்லை, 404 அல்லது 484 வந்தால் எண்ணின் வடிவம்.

கடைசியாக மேக்ஸிமம் சேனல்ஸ். இந்தக் கட்டம் வெளியே போகும் அழைப்புகளை மட்டுமே எண்ணும், உள்ளே வருபவற்றை அல்ல. பத்து சேனல் வாங்கியிருந்தால் 8 என்று போடுங்கள். விற்பனைப் பிரிவு மொத்தமாக டயல் செய்யும் நேரத்திலும் வாடிக்கையாளர் அழைக்க இரண்டு சேனல் மிஞ்சும்.